இடது முன் சக்கரத்தின் காற்று

1

இந்தக் கதை ஷேர் ஆட்டோவில் கிடைத்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஃபோனில் யாரிடமோ கேட்டார்: "பீட்லாக் போட்டா ராயப்பர் சாயமாட்டாரா?"

பதில் எனக்குக் கேட்கவில்லை. அவர் விம்கோ நகரில் இறங்கிவிட்டார்.

ராயப்பர் என்றால் புனித பேதுரு. இந்தப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் அவரை அப்படித்தான் அழைக்கிறார்கள். பீட்லாக் என்பது ஜீப் சக்கரத்தில் மாட்டும் ஒரு சாமான். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் நான் அதற்குமுன் கேட்டதில்லை. அந்த வாக்கியம் மட்டும் நிஜம். மீதியெல்லாம் நான் போட்டது. அவருக்கு டெரிக் என்று பெயர் வைத்ததும் நான்தான்.

2

முதல் தொடக்கம்: "அன்று கடல் அமைதியாக". அடித்துவிட்டேன். கடல் அமைதியாக இருந்தால் கதையில் என்ன வேலை அதற்கு?

இரண்டாம் தொடக்கம்: "டயர் என்பது காற்றைச் சுற்றிக் கட்டிய ரப்பர். மனிதனும்". இங்கே நிறுத்திவிட்டேன். "மனிதனும்" என்று எழுத ஆரம்பித்தால் கதை எழுதச் சோம்பல்பட்டுவிட்டோம் என்று பொருள்.

மூன்றாம் தொடக்கம்: "டெரிக் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு செய்ய வேண்டும்."

இது நிற்கட்டும்.

3

டெரிக் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு செய்ய வேண்டும்.

அவன் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் லாரிகளை வரிசைப்படுத்தி அனுப்பும் வேலை பார்க்கிறான். நாள் முழுக்க அடுத்தவன் வண்டி. சொந்தமாக ஒரு பழைய ஜீப் உண்டு. நான்கு சக்கரமும் இழுக்கும். வருடம் முழுக்க வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். திருநாளன்று மட்டும் அதற்கு வேலை.

எண்ணூர் பக்கத்தில் மீனவர்கள் கட்டிய சின்னக் கோயில் ஒன்று. (தேடிப் போகாதீர்கள். நான் கட்டியது.) ராயப்பர் திருநாளன்று சொரூபத்தைச் சப்பரத்தில் ஏற்றி, மணலில் இழுத்துக்கொண்டு போவார்கள். அலை வந்து அவர் பாதத்தைத் தொட வேண்டும். தொட்ட பிறகுதான் ஃபாதர் தீர்த்தம் தெளித்துப் படகுகளை மந்திரிப்பார். அலை தொடாத மந்திரிப்பு செல்லாது என்று திருச்சபைச் சட்டத்தில் இல்லை. ஊரில் உண்டு.

முன்பு தோளில் தூக்கினார்கள். இப்போது கரை நெடுக அலைத்தடுப்புப் பாறை. கடலுக்கு இறங்க முகத்துவாரத்துப் பக்கம் மட்டும்தான் வழி. அங்கே மணல் நீளம். ஆகவே சப்பரத்துக்குச் சக்கரம் வைத்தார்கள். அதை இழுக்க டெரிக்கின் ஜீப் வந்தது.

ஜீப்பில் டெரிக்குக்குப் பக்கத்தில் அவனுடைய மாமனார் சிலுவைமுத்து உட்காருவார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாலிபம் முழுக்கச் சப்பரத்தின் முன்தண்டு அவர் தோளில்தான் இருந்தது. இப்போது முட்டி இரண்டும் போய்விட்டன. தெருவில் தடியை ஊன்றி நடப்பார். மணலில் நடக்கமாட்டார். ஜீப் போனால் அவர் கடல்வரை போவார். திரும்பித் திரும்பிச் சொரூபத்தைப் பார்த்துக்கொண்டே மருமகனுக்குக் கட்டளையிடுவார். மருமகன் அதில் ஒன்றைக்கூடக் கேட்கமாட்டான். இருவருக்கும் அது சந்தோஷமான நாள்.

இந்த வருடம் சிக்கல். பிராங்கிளின் என்பவனிடம் டிராக்டர் இருக்கிறது. படகுகளைக் கரையேற்றுகிற டிராக்டர். மணலில் புதையாது. சாயாது. ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு கோயில் கமிட்டி கூடி, ஜீப்பா டிராக்டரா என்று தீர்மானிக்கப்போகிறது.

டிராக்டரில் ஓர் இருக்கைதான்.

(இந்த இடத்தில் பகுதியை முடிப்பது கொஞ்சம் நாடகத்தனம் என்று எனக்கும் தெரிகிறது. டிராக்டரை நான் வடிவமைக்கவில்லை.)

4

போன வருடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்குமுன் காற்றைப் பற்றி ஒரு பத்தி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணலில் போவதென்றால் டயரிலிருந்து கொஞ்சம் காற்றை இறக்க வேண்டும். டயர் அகலமாகப் பரவி மணலின்மேல் மிதக்கும். அளவுக்கு மீறி இறக்கினால் ரிம்மின் மேல் டயருக்குப் பிடி விட்டுப்போகும். வண்டியைத் திருப்பும்போது டயர் கழன்றுவிடும். பீட்லாக் இதற்குத்தான். ரிம்மின் வெளிப்பக்கம் ஒரு வளையத்தை வைத்து, சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்குவார்கள். டயரின் விளிம்பு நடுவில் மாட்டிக்கொள்ளும். காற்று சுத்தமாகப் போனாலும் டயர் கழலாது.

போன வருடம் அலையோரத்தில் டெரிக் ஜீப்பைத் திருப்பினான். இடது முன் டயர் கழன்றது. ஜீப் முன்பக்கமாகக் குனிந்தது. பின்னால் சப்பரம் சரிந்தது. ராயப்பர் ஆடினார், நாலு பேர் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்ததால் விழவில்லை. ஆனால் அவர் கையிலிருந்த திறவுகோல் கடலில் விழுந்தது.

சொர்க்கத்தின் திறவுகோல். வலை போட்டும் கிடைக்கவில்லை. அகப்பட்டது மத்தியும் பிளாஸ்டிக்கும்தான்.

அப்போதிருந்து பிராங்கிளின் அவனை எங்கே பார்த்தாலும் கேட்பது:

"இன்னா மாமு, மேல போனவங்க எல்லாம் கேட்டாண்ட நின்னுகினு கீறாங்களாமே? பேஜாராப் பூட்ச்சாம்."

பங்கு ஃபாதர் அருள்பிரகாசம் இளைஞர். தெற்கத்திக்காரர். "பரவாயில்லப்பா, அந்தக் கதவு பூட்டினதே இல்ல" என்றார். நல்ல பதில். ஊர் அதை ஏற்கவில்லை.

5

கோதண்டத்தின் டயர் கடை விம்கோ நகரில்.

(முதல் வரைவில் கோதண்டம் ஒரு ஞானி. கையெல்லாம் கிரீஸ். டெரிக் கேட்ட கேள்விக்கு நெடுநேரம் பேசாமல் இருந்து, பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். படித்தவர்கள் தலைகுனிவார்கள். எழுதிவிட்டுப் படித்தேன். இப்படிப்பட்ட மெக்கானிக் கதைகளில் மட்டும் கடை வைத்திருக்கிறார். அந்த கோதண்டத்தை அனுப்பிவிட்டு வேறு கோதண்டத்தை உட்கார வைத்தேன்.)

"பீட்லாக்கா? போட்லாம் தலீவா" என்றார் கோதண்டம்.

"போட்டா நல்லதா?"

"நல்லதுதான். போடலன்னாலும் நல்லதுதான்."

"நீ இதுக்கு முன்னாடி யாருக்குனா போட்டு கீறியா?"

"எங்க பெரிம்மா பையன் பெங்களூர்ல பாத்து கீறான்."

"இன்னா சொன்னான்?"

"சூப்பரா கீதுன்னான்."

"கடல் காத்துல போல்ட்டு துரு புடிக்காது?"

"புடிக்கும். புடிச்சா இன்னும் டைட்டா நிக்கும்."

டெரிக் அவரையே பார்த்தான். கோதண்டத்தின் முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை.

ஜீப் வைத்திருப்பவர்களின் வாட்ஸப் குழு ஒன்றிலும் டெரிக் கேட்டுப் பார்த்தான். பாறையில் ஏறாதவனுக்கு பீட்லாக் எதற்கு என்றார் ஒருவர். எடை கூடும், ஓடும்போது சக்கரம் உதறும், ஒவ்வொரு தடவையும் போல்ட்டைச் சரிபார்க்க வேண்டும் என்றார் இன்னொருவர். ரோட்டில் ஓட்டினால் வண்டியை நிறுத்திக் கேள்வி கேட்பார்கள் என்றார் வேறொருவர். பார்க்க கெத்தாக இருக்கும் என்றவர் ஒருவர்தான். வாங்கியிருந்ததும் அவர்தான்.

கடைசியில் யாரோ உருப்படியாகக் கேட்டார்கள்: "நீங்க காத்த எவ்ளோ எறக்குவீங்க?"

"பாதி" என்று டெரிக் எழுதினான்.

"பாதிக்கு பீட்லாக் தேவையே இல்ல, ப்ரோ. பாதில டயர் கழலாது."

டெரிக்குக்கும் அது தெரியும். பாதிதான் இறக்கினான். டயர் கழன்றது. மீதிக் காற்று எங்கே போனது என்றும் அவனுக்குத் தெரியும்.

6

அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இரண்டு நாள் ஓடவில்லை. டெரிக்குக்கு ஒரு வருடமாக ஓடவில்லை.

போன வருடத் திருநாள் பூசை. டெரிக் பாதிக் காற்றை இறக்கி வைத்திருந்த ஜீப் கோயில் மதிலை ஒட்டி நின்றது. மதில் நிழல் ஜீப்பின் இடது பக்கம் விழுந்தது. நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு சிலுவைமுத்துவை உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே ஃபாதர் அப்பத்தை உயர்த்தினார். மணி அடித்தது. எல்லோரும் தலைகுனிந்தார்கள். அந்த மௌனத்தில் பக்கவாசல் வழியாக "உஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வந்தது.

டெரிக் தலையைத் திருப்பினான். மாமனார் நாற்காலியில் இருந்தபடியே கையை நீட்டி, இடது முன் சக்கரத்தின் வால்வில் தீக்குச்சியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். முகத்தில் பக்தி.

டெரிக் உடனே எழுந்து போயிருக்கலாம். மணியடித்த பிறகு எழுந்து போகிற ஆள் அவன் இல்லை. பூசை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். முடிந்ததும் பேண்டு வாத்தியம் ஆரம்பித்துவிட்டது.

(பேண்டு வாத்தியம் என்பது சாக்கு. இந்த இடத்தில் கதைக்கு அவன் மறந்துபோக வேண்டியிருந்தது. நான் பேண்டை அனுப்பினேன்.)

கமிட்டி கூடுவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் அவன் மனைவி ஆன்சி பேச்சை எடுத்தாள். விஷயம் தெரிந்த இன்னொரு ஆள் அவள்தான்.

"எங்கப்பாதான் எறக்குனாருன்னு நாளிக்கு சொல்லிடேன்."

"சொன்னா?"

"மானம் போச்சுன்னு சொல்லிகினு கோயில் பக்கமே வரமாட்டாரு."

"சொல்லலன்னா?"

"டிராக்டரு."

"அதான் ஆன்சி, பீட்லாக் போட்டுட்டா யாரு எவ்ளோ எறக்குனாலும் கவலயில்ல. யாராண்டயும் ஒண்ணும் சொல்லவும் தேவல."

ஆன்சி குழம்புக் கரண்டியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"ஒரு கெயவனாண்ட உண்மைய சொல்ல பயந்துகினு நாலு சக்கரத்துக்கும் போல்ட்டு போடுவியா?"

"நாலு வேணாம். முன்னாடி ரெண்டு போதும்."

பீட்லாக்கின் பயன்களைப் பற்றி எழுதியிருக்கிறவர்கள் எவரும் இதைக் குறிப்பிடவில்லை. பாறைக்கு, சேற்றுக்கு, மணலுக்கு என்று எழுதியிருக்கிறார்கள். மாமனாருக்கு என்று யாரும் எழுதவில்லை. அந்த வகையில் இந்தக் கதை வாகனத்துறைக்கு ஒரு சேவை.

7

ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் பின்னால் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு நடக்கும் கூடம். குட்டைப் பெஞ்சுகள். முட்டி மேலே வர எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஃபாதர் அருள்பிரகாசம், உபதேசியார், பாடற்குழுவை நடத்தும் ஃப்ளோரன்ஸ், பிராங்கிளின், இன்னும் சில கமிட்டிக்காரர்கள். ஓரத்தில் நாற்காலியில், தடியின் மேல் இரண்டு கையையும் வைத்தபடி சிலுவைமுத்து.

கமிட்டிக்குக் காட்டவென்று ஜீப்பை வெளியே கொண்டுவந்து நிறுத்தியிருந்த டெரிக், ஃபோனில் பீட்லாக் படத்தைக் காட்டினான். ஃபோன் கை மாறிப் போனது.

"நல்லா கீதே" என்றார் உபதேசியார். "சுத்தி எத்தினி போல்ட்டு!"

"அத்தினியும் ஒயுங்கா டைட் பண்ணணும்" என்றான் டெரிக். "ஒரே அளவுல. ஒண்ணு கூட ஒண்ணு கம்மின்னு இருந்தா வளையம் வளஞ்சிடும்."

"டைட் பண்றதுதானே? நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள் நாலைந்து பேர் ஒரே குரலில்.

டெரிக் சட்டென்று ஃபோனைத் திரும்ப வாங்கிக்கொண்டான். ஏன் என்று அவனுக்கு அப்போது புரியவில்லை.

"இன்னாத்துக்கு மாமு இவ்ளோ பில்டப்பு?" என்றான் பிராங்கிளின். "டிராக்டரு கீது. கட்னமா இஸ்துகினு போனமான்னு இல்லாம, இவரு சக்கரத்துக்கு நகை மாட்றாரு."

ஃபாதர் கையமர்த்தினார். "டெரிக், போன வருசம் நீங்க காத்து எவ்வளவு எறக்குனீங்க?"

"பாதி, ஃபாதர்."

"பாதியில கழலுமா?"

பொய் சொல்லத் தெரிந்தவனாக டெரிக்கை நான் செய்திருக்கலாம். செய்யவில்லை.

"கழலாது, ஃபாதர்."

"அப்ப மீதி?"

டெரிக் மாமனாரைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டான். பார்க்காமலிருப்பதே காட்டிக்கொடுத்துவிடும் என்று தோன்றியதும் பார்த்தான். பிறகு சுவரில் ஒட்டியிருந்த பத்துக் கட்டளைகளைப் பார்த்தான்.

"நான் கொஞ்சம் எறக்கினேன், ஃபாதர்" என்றார் ஃப்ளோரன்ஸ்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஹேர்பின்னாலதான். கொஞ்சூண்டு. டெரிக்குதான மொத நாளு நம்ம கோயில் அன்பியம் வாட்ஸப் குரூப்புல வாய்ஸ் போட்டாப்ல? மண்ல போணும்னா காத்து எறக்கணும், யாரும் பஞ்சர்னு பயப்படாதீங்கன்னு. பாவம், ஞாபகம் இருக்குமோ இல்லியோன்னு ஒரு ஒத்தாச பண்ணேன்."

உபதேசியார் தொண்டையைக் கனைத்தார். "நானும் லேசா..."

இன்னொரு கை உயர்ந்தது. பிறகு இன்னொன்று. பூசைக்கு முன்போ பின்போ எல்லோரும் அந்த மதில் நிழலில் நின்றிருக்கிறார்கள். எல்லோருக்கும் எதிரே அந்த ஒரே சக்கரம். வெயிலில் நின்ற வலது பக்கத்தை ஒருவரும் தொடவில்லை.

இது அந்தக் கோயில் பங்கு மக்களின் வழக்கம். செய்ய வேண்டிய வேலை கண்ணில் பட்டால் கேட்டுக்கொண்டிருக்கமாட்டார்கள், செய்துவிடுவார்கள். அதற்கு முந்தின திருநாளில் பிரியாணிக்கு இப்படித்தான் போகிற வருகிறவர்கள் எல்லோரும் உப்புப் போட்டார்கள்.

கடைசியாக பிராங்கிளினும் கையைத் தூக்கினான்.

"நீயுமாடா?" என்றான் டெரிக்.

"அட, நல்ல எண்ணத்துலதான் மாமு. ராயப்பரு போற வண்டியாச்சே."

டெரிக்கையும் ஃபாதரையும் தவிர இப்போது கை தூக்காதவர் ஒரே ஒருவர். ஃபாதரின் பார்வை மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தது.

இங்கேதான் டெரிக் முந்திக்கொண்டான். இத்தனை பேரோடு மாமனாரும் ஒருவர் என்று விட்டிருந்தால் ஒரு சிரிப்போடு போயிருக்கும். ஆனால் ஒரு வருடமாகப் பாதுகாத்த ஆளை ஒரு நிமிடத்தில் கைவிட யாருக்கு வரும்?

"மாமாவ வுட்டுடுங்க, ஃபாதர்" என்றான். "அவரு பாட்டுக்கு சேர்ல குந்திகினு இருந்தாரு. அவரால குனிய நிமுர முடியாது. ஒரு வேலையும் ஆவாது."

தடி தரையில் ஒரு முறை தட்டியது.

"ஆருக்குடா முடியாது?"

"மாமா, நான் இன்னா சொல்றேன்னா..."

"குனிய இன்னாத்துக்குடா? குந்திகினே எறக்கினேன்டா! தீக்குச்சி வெச்சி! இவங்க எறக்கினதெல்லாம் கொசு கடிச்ச மாதிரி. பூச முடியிற வரிக்கும் வுடாம எறக்கினது நானு! துறைமொகத்துல எத்தினி டன்னு தூக்கி கீறேன், ஒரு டயரு காத்து எறக்கத் தெரியாதா எனக்கு?"

மூச்சு வாங்கியது. ஆனால் முகம் மலர்ந்திருந்தது. கோயில் வேலையில் தன் பங்கை ஊர் முன்னால் சொல்லி நாளாகிவிட்டது.

"இந்த வருசமும் நான்தான் எறக்குவேன். எவனும் கைய வெக்கக் கூடாது. ஃபாதர், நீங்க பேசி முடிங்க. நான் போயி வண்டில குந்தறேன்."

தடியை ஊன்றி எழுந்தார். யாரும் பிடிக்க வேண்டாம் என்று கையைக் காட்டினார். நடந்து வெளியே போனார்.

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஃபாதர் சொன்னார்: "சப்பரத்துக்குப் பக்கத்துல சின்னப் பிள்ளைங்க ஓடி வருதுங்க. போன வருசம் திறவுகோல் விழுந்துச்சு. இந்த வருசம் யார் மேலயாவது சாஞ்சா நான் என்ன பதில் சொல்ல?"

டெரிக்காக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

டிராக்டர் என்று முடிவானது.

8

நான் எழுதிப் பார்த்த மற்ற முடிவுகள்:

(அ) ஃபாதர் மனம் இளகி ஜீப்புக்கே சரி என்கிறார். அடித்துவிட்டேன். அவர் சொன்ன காரணம் நியாயமானது. கதை நன்றாக முடிய வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகள் மேல் சப்பரத்தைச் சாய்க்க முடியாது.

(ஆ) பிராங்கிளின் டிராக்டரின் மட்கார்டில் இரண்டாவது இருக்கை ஒன்றைப் பற்றவைக்கிறான். திருநாளன்று சிலுவைமுத்து அதில் மாலையோடு. இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் எடுத்துவிட்டேன். தவிர, டிராக்டர் மட்கார்டிலிருந்து விழுந்தவர்களின் முட்டியை நான் பார்த்திருக்கிறேன்.

(இ) டெரிக் பீட்லாக் வாங்கிவிடுகிறான். எவ்வளவு காற்று இறங்கினாலும் கவலை இல்லை. திருநாள் பூசையின்போது ஜீப் மதிலை ஒட்டி நிற்கிறது. நிழலில் நிற்கிறவர்கள் ஒவ்வொருவரும், நல்ல எண்ணத்தில், கண்ணில் பட்ட போல்ட்டுக்கு ஆளுக்கு ஒரு சுற்று. மூன்று போல்ட் முறிகிறது. வளையம்

(போதும். காற்றை இறக்குகிறவர்கள் இருக்கும்வரை பீட்லாக் வேண்டும். போல்ட்டை முறுக்குகிறவர்கள் இருக்கும்வரை கூடாது. இரண்டும் ஒரே ஆட்கள். வாட்ஸப் குழுவில் கேட்டவர்களுக்கு என் பதில் இது.)

9

ஆகவே கதை இங்கே நிற்கிறது.

கூடத்தில் எல்லோரும் குட்டைப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜன்னல் வழியாக ஜீப் தெரிகிறது. சிலுவைமுத்து ஏறி உட்கார்ந்துவிட்டார். யார் உதவியும் இல்லாமல் ஏறியிருக்கிறார். துண்டால் டாஷ்போர்டைத் துடைக்கிறார். தெருவில் போகிற யாரிடமோ ஏதோ சொல்லி, முகத்துவாரத்துப் பக்கம் கையைக் காட்டுகிறார்.

யாராவது போய்ச் சொல்ல வேண்டும்.

ஃபாதர் உபதேசியாரைப் பார்க்கிறார். உபதேசியார் ஃப்ளோரன்ஸைப் பார்க்கிறார். ஃப்ளோரன்ஸ் செபமாலையை எடுத்து உருட்டத் தொடங்குகிறார். பிராங்கிளின் எழுந்தான் என்று எழுதினேன். எழுந்தவன் ஃபேனின் வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டான். டெரிக் ஜீப் சாவியைக் கையில் வைத்திருக்கிறான். நான் அவனைக் கிளப்ப மூன்று முறை முயன்றேன். பெஞ்சை விட்டு அசையவில்லை.

கேட்காமலே ஓடி வந்து செய்கிற ஊர். இந்த ஒரு வேலைக்கு ஒருவரும் எழவில்லை.

நீங்கள் இவ்வளவு நேரமும் சும்மாதான் இருந்தீர்கள். காற்று இறக்கியதிலும் உங்களுக்குப் பங்கு இல்லை. கதவுப் பக்கம் நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

போங்கள். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். கத்த வேண்டாம்.